உறுத்தாத உறை

அக்காவுக்கு எதுவும் உறுத்தக் கூடாது. நான் புது பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் அழகு பார்க்கமாட்டார். உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போவார். எங்காவது ஒரு நூல் முடிச்சு தட்டுப்பட்டால் போதும். "இது குத்தும் தங்கச்சி" என்பார். குத்தாது என்று நான் சொன்னால், அந்த இடத்தை என் புறங்கையில் வைத்து மெல்லத் தேய்ப்பார். குத்தும்.

சட்டைகளில் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபிளை வாங்கிய கையோடு வெட்டிவிடுவார். அதற்கென்றே கைப்பையில் ஒரு சின்னக் கத்தரி இருந்தது. செருப்பைச் சாயங்காலத்தில்தான் வாங்குவார். காலையில் வாங்கினால், கால் வீங்கியபிறகு கடிக்குமாம். வீட்டில் நைட்டியை உள்பக்கம் வெளியே இருக்கும்படி மாற்றிப் போட்டுக்கொள்வதாக அவரே சொல்லியிருக்கிறார். "வீட்ல யாரு பாக்கப் போறா? தையல் வெளிய இருந்தா ஒடம்புக்கு நிம்மதி லா."

அப்படிப்பட்டவர் இடுப்பில் சில வருஷங்கள் ஒரு கைத்துப்பாக்கியோடு நடமாடினார். அதை உறுத்தாமல் வைத்துக்கொள்ள வழி தேடித்தான் என்னிடம் வந்தார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், மாடிப்படி ஏறி வரவேண்டிய ஒரு அறையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பெண்களுக்கு மட்டும். அக்கா என்று நான் கூப்பிடுவதுதான், சொந்தமில்லை. அவரும் அவருடைய வீட்டுக்காரரும் கிள்ளானில் நகைக்கடை வைத்திருந்தார்கள். கிள்ளானில் தைக்கிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அங்கே ஒரு கடையில் சொன்னது அடுத்த கடைக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தார். படியேறி வந்து மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். பார்க்கிங் கிடைக்காததைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினார். பிறகு, "கதவ சாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

அளவு எடுக்கத்தான் கேட்கிறார் என்று சாத்தினேன். அவர் பஞ்சாபி சூட்டின் மேல்சட்டையைத் தூக்கி வலது இடுப்பைக் காட்டினார். விலா எலும்புக்குக் கீழே கறுத்துத் தடித்துப்போன ஒரு கோடு. அதன்மேல் புதிதாகச் சிவந்த இன்னொரு கோடு. நாடா இறுக்கினால் இப்படி ஆகும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஆகாது. என்ன அக்கா இது என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து முதலில் மேசைமேல் வைத்தார். அதற்குள் போலீஸ் முத்திரை போட்ட லைசென்ஸ் இருந்தது. "பயப்படாத. முறையா வாங்கினதுதான்" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து அதை எடுத்தார்.

சினிமாவில் பார்த்ததுபோல இல்லை. சிறியது. குழல் கட்டையாக, பாதியில் வெட்டியதுபோல் இருந்தது. சுழல்கிற உருளையைத் திறந்து, ஐந்து குண்டுகளையும் கொட்டி, நான் பட்டன் போட்டு வைக்கும் தட்டில் வைத்தார். தட்டில் சிப்பி பட்டன்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே பித்தளை நிறத்தில் அவை கிடந்தன.

"இதுக்கு ஒரு உறை தைக்கணும்."

"நான் பிளவுஸ் தைக்கிறவ அக்கா."

"தெரியும். ஒடம்ப அளந்து தைக்கிறவதான் எனக்கு வேணும்."

அவர் ஏற்கெனவே வாங்கிப் பார்த்த உறைகள் ஒரு பை நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து என் வெட்டுமேசையில் பரப்பினார். தோல் உறைகள் ஆண்களின் தடித்த பெல்ட்டுக்காகச் செய்தவை. நிற்கும்போது சரியாக இருக்கும். உட்கார்ந்தால் மேல்விளிம்பு விலாவில் ஏறும். கக்கத்துக்குக் கீழே மாட்டுவது ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் கிள்ளான் பாசார் சந்தைக்குள் ஒரு முறை போய்வந்தால் தோளெல்லாம் வேர்க்குரு. கணுக்காலில் கட்டுவது ஒன்று. அதை எடுக்கக் குனிந்தால் முழங்கால் நிமிராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு எலாஸ்டிக் பட்டையும் இருந்தது. அதைக் கட்டிய இடமெல்லாம் பட்டையாகத் தடித்துச் சொறி வந்துவிட்டதாம்.

"கைப்பையில வெச்சிக்கலாமே அக்கா?"

"பையத்தான் மொதல்ல புடுங்குவான்."

அந்த 'அவன்' யார் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அளவு எடுக்க வரும்போதெல்லாம், கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றபடி, துண்டு துண்டாகச் சொன்னார். கடை திறந்த காலை நேரம். ஹெல்மெட்டோடு இரண்டு பேர். ஒருவன் கையில் நீளமான பாராங் கத்தி. அவருடைய வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "தங்கத்தக் காப்பாத்தத் தூக்கல தங்கச்சி. மூஞ்சிய மறைக்கத்தான் தூக்கினாரு." வலது கையில் இரண்டு விரல்களுக்கு நரம்பு போய்விட்டது. அதன்பிறகு அவரால் பேனா பிடிக்க முடியாது, சட்டைப் பட்டன் போட முடியாது. அக்கா அந்த நேரம் சுவரோடு சுவராக நின்றாராம். "கத்தக்கூட இல்ல நான்."

அவருடைய வீட்டுக்காரரை ஒரு முறைதான் பார்த்துப் பேசினேன். தைத்த துணியைக் கொடுக்கக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "என் கைய வெட்டினவனுக்கு இப்ப என் மூஞ்சிகூட ஞாபகம் இருக்காது மா. இவதான் அவனத் தெனமும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறா."

கொடுத்த தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

துப்பாக்கி இருப்பது வெளியே தெரியக் கூடாது. அதனால் அக்கா யாரையும் நெருங்கவிடமாட்டார். நம் கல்யாணங்களில் பெண்கள் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அக்கா கையை நீட்டிவிட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வார். 'பெரிய நகைக்கடைக்காரம்மா, திமிரு' என்று பெயர் வந்தது. ரவாங்கில் கல்யாணம் செய்துகொடுத்த மகள் இருந்தாள். அவளுடைய சின்னப் பிள்ளை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். ஓடிவருவதைப் பார்த்ததும் இவர் சட்டென்று உட்கார்ந்துவிடுவாராம், கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும் என்று. பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பாட்டியைப் பார்த்தால் தானும் தரையில் உட்காரும்.

"ஒரு நாளைக்குக் கழட்டி வெச்சிட்டுப் போங்களேன் அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கழட்டி வெச்ச அன்னைக்கு வந்துட்டான்னா?"

உறை ஒரு பக்கம் இருக்க, கைப்பிடி இன்னொரு தொல்லை. துப்பாக்கியோடு வந்த மரப்பிடி மெலிந்தது. துப்பாக்கி சுடும் கிளப்பில் பழகும்போது வியர்த்த கையில் அது வழுக்கி, கட்டைவிரல் மடிப்பில் தோலைக் கிழித்திருந்தது. அதற்குப் பதிலாக ரப்பர் பிடி மாற்றினார். கையில் நன்றாக நின்றது. ஆனால் ரப்பர் துணியைக் கவ்வியது. எடுத்தால் மேல்சட்டையும் சேர்ந்து வந்தது. பிறகு விரல்களுக்குப் பள்ளம் வைத்த ஒரு பிடி. அந்தப் பள்ளங்கள் ஒரு ஆணின் விரல்களுக்கு வெட்டியவை. அக்காவின் விரல்கள் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. "யாரோ முன்பின் தெரியாத ஆம்பள கையப் புடிச்ச மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தார்.

ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரிலேயே துப்பாக்கி வாங்கிய கடைக்குப் போனார். தோல் உறை ஒன்றை அறுத்து நான் துணிப்பட்டைக்குள் வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. எங்கே அறுக்கலாம், எங்கே கூடாது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்றார். கடைக்காரர் வயதான சீன முதலாளி, தவுக்கே என்பார்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். விசையை மூடும் பகுதியை மட்டும் தொடவே கூடாது, அங்கே கெட்டித் தோல்தான் இருக்க வேண்டும், துணி மடங்கி உள்ளே போனால் தானாக வெடிக்கும் என்று மலாயில் எனக்கு இரண்டு முறை சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டார்.

அக்கா பிடிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கண்ணை மூடிப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். தவுக்கே கொட்டாவி விட்டார்.

"எல்லாரும் வந்தா இது எவ்வளவு தூரம் சுடும்னு கேப்பாங்க. நீ ஒருத்திதான் செருப்பு வாங்குற மாதிரி பாக்குற" என்றார் மலாயில்.

"செருப்பு கடிச்சா கழட்டி வெச்சிரலாம் தவுக்கே" என்றார் அக்கா. அவரும் மலாயில்தான் சொன்னார். தவுக்கே சிரிக்கவில்லை. பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு கட்டி வாங்கி, துப்பாக்கியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். தெரிந்த ஒருவர் இருக்கிறார், அதைப் பார்த்து மரத்தில் இழைத்துக் கொடுப்பார் என்றார்.

பச்சை நிறக் களிமண் வாங்கினார். என் கடையில் உட்கார்ந்துதான் பிடித்தார். முதல் தடவை இறுக்கியபோது விரல் அடையாளங்கள் மிக ஆழமாகப் பதிந்துவிட்டன. பார்த்துவிட்டு உருட்டி அழித்தார். "இவ்ளோ இறுக்கமா நான் எதையும் புடிக்கிறதில்ல" என்றார். மறுபடி பிடித்தார். அதுவும் சரியில்லை. கடைசியில் கையைத் தளர்த்தி, மூச்சை விட்டு, பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் சாதாரணமாகப் பிடித்தார். அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்.

புதுப் பிடி வர வெகுநாள் ஆனது. அது வரும்வரை நான் பட்டையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். எலாஸ்டிக் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தித் துணி, இரண்டு மடிப்பு. உடம்பில் படும் பக்கம் மல் துணி. தையல் எல்லாம் வெளிப்பக்கம். ஒட்டும் நாடா வைத்தால் பிரிக்கும்போது சத்தம் வரும், ஓரம் குத்தும். அதனால் பின்பக்கம் பிளவுஸுக்கு வைப்பதுபோல் கொக்கிகள். இடுப்பு எலும்புக்குச் சற்று முன்னால், வயிறு மடியும் இடத்துக்கு மேலே வராமல், அவருடைய கை தானாகத் தொங்கினால் போய்ச் சேரும் உயரத்தில் உறை. அவர் நின்று பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார், தரையில் சப்பணம் போட்டுப் பார்ப்பார், காரில் பெல்ட் போட்டு ஓட்டிப் பார்ப்பார். ஏதாவது ஒன்று எப்போதும் உறுத்தும். எனக்கு அலுத்துவிட்டது. கழுத்துவலி வேறு. ஒரு கட்டத்தில், அக்கா இனிமேல் படியேறி வரக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

பிடி வந்தது. தேன் நிறத்தில், எண்ணெய் தேய்த்து வழுவழுவென்று, துணியில் சிக்காத மரம். அதற்கேற்ப உறையின் வாயைக் கொஞ்சம் இறக்கித் தைத்தேன். அன்றைக்கு அக்கா கட்டிக்கொண்டு என் சின்ன அறையில் இங்குமங்கும் நடந்தார். ஜன்னல் வரை போனார். கீழே ரோட்டைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படியே இருந்தார்.

"எப்படி அக்கா இருக்கு?"

"ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு தங்கச்சி."

அவருடைய தோள்கள் அவ்வளவு நாள் தூக்கியே இருந்திருக்கின்றன என்பது, அவை இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே போய் வடையும் தேநீரும் வாங்கி வந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் உறைக்காக வரவில்லை. தீபாவளிக்கு பிளவுஸ் தைக்க வந்தவர் நல்ல தெளிச்சியாக இருந்தார். ஒரு கதை சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலில் வரிசையில் நின்று, கற்பூரம் காட்டும்போது கையைக் கூப்பியிருக்கிறார். முழங்கை இடுப்பில் எதிலோ தட்டியது. அப்போதுதான் அதைக் கட்டிக்கொண்டே சாமி சன்னதிக்கு வந்துவிட்டது தெரிந்ததாம். கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டார். "மறந்தே போச்சு தங்கச்சி. சாமி என்ன நெனச்சிருக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கொரோனா வந்தது. கடைகள் மூடிக் கிடந்து மறுபடி திறந்தன. எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள். நகைக்கடைக்காரர்களுக்கு அது என்ன மாதிரி நேரம் என்று அக்கா போனில் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வருகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். இப்போது மூடாமல் வருகிறவருக்குக் கதவைத் திறக்கக் கூடாது.

ஒரு மழை நாளில் கடையில் நடந்ததை அக்கா என் கடைக்கு வந்து சொன்னார். வரப்போவதாகச் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், வெட்டி வைத்திருந்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

மத்தியானம். வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேலை செய்யும் பெண் மேல்மாடியில் இருந்தாள். கடைக் கதவு உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். ஒரு வாடிக்கையாளர் வெளியே போவதற்காக அக்கா அழுத்தினார். அவர் போன அதே கதவு வழியாக ஒரு ஆள் உள்ளே வந்துவிட்டார். மழைக்கோட்டு. ஹெல்மெட். கண்ணாடி இறக்கியிருந்தது. அதற்கு உள்ளே முகக்கவசம். ஒன்றும் பேசவில்லை. கையை மழைக்கோட்டுக்கு உள்ளே விட்டார்.

"என் கை போனது எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் பாக்கறப்ப அது வெளிய இருந்திச்சு. அவரு நெஞ்சுக்கு நேரா இருந்திச்சு."

அந்த ஆள் முழங்காலிட்டுவிட்டாராம். மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு குரல் மட்டும் வந்தது.

"அக்கா, தோடு. மகளோட தோடு அக்கா. திருகு ஒடஞ்சி போச்சு, அதான் கொண்டாந்தேன்."

ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் தரையில் விழுந்தது.

"அப்பதான் நான் என் விரலப் பாத்தேன். உள்ள இருந்திச்சு. விசைமேல." அக்கா துணியை நீவுவதை நிறுத்தினார். "கிளப்புல சொல்லிக் குடுப்பாங்க, விரல வெளிய நீட்டி வெச்சிக்கணும்னு. எத்தன தடவ பழகியிருக்கேன். உள்ள இருந்திச்சு."

நான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பழைய தோல் ஒறையா இருந்திருந்தா, சட்டையத் தூக்கி, இழுத்து, அது மாட்டி... அதுக்குள்ள அவரு பொட்டலத்த எடுத்திருப்பாரு. உறுத்திக்கிட்டே இருந்தப்ப, இடுப்புல இருக்கு இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சிக்கிட்டே இருந்திச்சு." கொஞ்சம் பொறுத்து, "நீ தச்சது ரொம்ப நல்லா இருந்திச்சு தங்கச்சி. அதான்" என்றார்.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எப்போதும்போல, தையல் எப்படி இருந்தது என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அதன்பிறகு அன்றைக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அந்த ஆள் தோட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார்க்காரர். புகார் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர், "அவரே பேசாம போயிட்டாரு, நீ ஏன் போலீஸ் பாலாய்க்குப் போற?" என்று கேட்டிருக்கிறார். அக்கா போனார். நடந்ததை மறைக்காமல் சொல்லித் துப்பாக்கியை ஒப்படைத்தார். விசாரணை நடந்தது. கூப்பிட்டபோதெல்லாம் போய் அதே கதையை அதே மாதிரி சொன்னார். எல்லாம் முடிந்து, இனிமேல் அது தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பட்டையை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

தோட்டுக்குப் புதுத் திருகு போட்டு வைத்திருந்தார். அந்த ஆள் வாங்க வரவில்லை. பக்கத்தில் இருந்த மாமாக் தேநீர்க் கடையில் கூடும் மோட்டார்க்காரர்களிடம் விசாரித்ததில், அவருக்குப் பண்டமாரானில் வீடு என்று தெரிந்தது. "தனியா போக முடியல. நீ வரியா?" என்று அக்கா கேட்டார். போனேன்.

லோரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, வரிசை வீடுகளில் ஓர வீடு. வாசலில் மோட்டார் நின்றது. கம்பி வேலியில் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் பார்க்க, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்போல் சாதுவான முகம். அவருடைய மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா பொட்டலத்தை நீட்டியதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"கடையில குடுத்திட்டேன், ரெடியானதும் எடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களே அக்கா. எந்தக் கடையில இப்படி செய்வாங்க? உக்காருங்க, பசியாறிட்டுத்தான் போகணும்."

அக்கா அந்த ஆளைப் பார்த்தார். அவர் மிக லேசாகத் தலையை அசைத்தார். சொல்ல வேண்டாம் என்று.

நாங்கள் உட்கார்ந்தோம். சேமியா வந்தது. ஏழெட்டு வயது மகள் வந்து நின்றாள். தாய் அவளுக்குத் தோட்டைப் போட்டுவிட்டு, "ஆன்டிக்கு நன்றி சொல்லு" என்றார். பிள்ளை சொன்னது. அக்கா அந்தச் சேமியாவை எப்படி விழுங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிண்ணத்தில் மிச்சம் வைக்கவில்லை.

வெளியே கார் வரைக்கும் அந்த ஆள் கூட வந்தார்.

"வீட்ல சொல்லல அக்கா. சொன்னா மோட்டார எடுக்க விடமாட்டா."

"தம்பி, நான்..." என்று தொடங்கி அக்காவால் மேலே சொல்ல முடியவில்லை.

"பரவால்ல அக்கா. உங்க கடையில முன்ன நடந்தத மாமாக் கடையில சொன்னாங்க. நான் ஒண்ணும் நெனைக்கல." அவர் காரின் கதவை அக்காவுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார். "இப்பல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் ஹெல்மெட்ட வெளியவே கழட்டிடறேன். மழையா இருந்தாலும் கோட்டக் கழட்டிட்டு, கை ரெண்டையும் வெளிய வெச்சிக்கிட்டுத்தான் உள்ள போறேன். பழகிப் போச்சு."

கோபமில்லாமல், எந்த ரோட்டில் நெரிசல் என்று சொல்வதுபோல் சொன்னார். அக்கா சாவியைத் துவாரத்தில் போட்டுவிட்டு வெகுநேரம் திருப்பவில்லை. கடைசியில், "நீ ஓட்டு தங்கச்சி" என்று இடம் மாறி உட்கார்ந்தார்.

மறு வருஷம் கடையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு, இருவரும் ரவாங்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கிள்ளானில் இருக்கும்போதே ஒரு தடவை போன் செய்திருந்தார். என்னோடு அவர் நீளமாகப் பேசிய கடைசித் தடவை அதுதான்.

அந்தத் தம்பி கடைக்கு வந்தாராம். மகளுக்குப் பிறந்தநாள், சின்னதாக ஒரு வளையல் பார்க்க வேண்டும் என்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார், ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு. அக்கா பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவர் வரவில்லை. "உள்ள வாங்க தம்பி" என்று அக்கா கூப்பிட்டார். "பரவால்ல அக்கா, இங்கயே நிக்கிறேன்" என்றாராம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வளையல் தட்ட எடுத்துக்கிட்டு நான் வெளிய போனேன்."

"வெளியவா? ரோட்டுக்கா அக்கா?"

"கட வாசல் நடபாதையிலதான். எங்க வீட்டுக்காரரு உள்ளேருந்து சத்தம் போட்டாரு. ஆளுங்க போறாங்க வராங்க, மோட்டாருங்க போகுது. நான் தட்ட ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நின்னேன். அவரு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாரு. ஒண்ணு புடிச்சிருந்திச்சு அவருக்கு. வெலயக் கேட்டாரு. சொன்னேன். தங்கம் ரொம்ப ஏறிப் போச்சே அக்கா, பின்னால பாக்கறேன்னாரு. சும்மா எடுத்துக்குங்கன்னு வாய் வரைக்கும் வந்திச்சு. சொல்லல. சொன்னா அந்த மனுசன் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டாரு."

"சரிதான் அக்கா."

"ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டுப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு மாட்டிக்கிட்டாரு. கைய ஆட்டிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரரு உள்ள வா, உள்ள வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு."

"போனீங்களா?"



"கொஞ்சம் நின்னுட்டுத்தான் போனேன் தங்கச்சி" என்றார் அக்கா. "காத்து நல்லா இருந்திச்சு."